நின்ற இடத்திலேயே வெளியேறிய மாநிலம்: ஒரு நர்ஸ் லைசென்ஸின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு தெருவுல இருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கான்சாஸ் சிட்டின்னு ஒரு ஊர் இருக்கு. ஒரு ஊர்னு சொன்னாலும் உண்மையில் ரெண்டு ஊர். பெரியது மிசௌரி மாநிலத்தில், சின்னது கான்சாஸ் மாநிலத்தில். ரெண்டும் ஒட்டியே வளர்ந்தவை. தெற்குப் பக்கம் போனால் ஸ்டேட் லைன் ரோடுன்னு ஒரு சாலை வரும். பேருக்கேற்ற மாதிரி அதுதான் மாநில எல்லை. கிழக்குச் சாரியில் இருக்கும் கடை மிசௌரி, எதிர்ச்சாரிக் கடை கான்சாஸ். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போகிறவர் ஒரே நடையில் நாலு தடவை மாநிலம் மாறலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

இந்த ஊரில் ஒரு நர்ஸ் இருக்காங்கன்னு வெச்சுக்கலாம். வீடு மிசௌரி பக்கம். வேலை எதிர்ப்பக்கம் கிடைக்கிறது. எல்லையிலிருந்து சில தெருக்கள் தள்ளி, கான்சாஸ் மண்ணில், ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையே இருக்கு. 2010 ஜூனில் மிசௌரி மாநிலம் நர்ஸ்களுக்கான ஓர் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி, மிசௌரியில் வாங்கின லைசென்ஸை வைத்துக்கொண்டு அவர் டெக்சாஸில் வேலை பார்க்கலாம். வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் பார்க்கலாம். தெருவைத் தாண்டி கான்சாஸில் பார்க்க முடியாது. ஏன்னா கான்சாஸ் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. 2019 ஜூலையில் கான்சாஸ் சேரும் வரைக்கும், ஒன்பது வருஷம், இதுதான் நிலைமை. ஆயிரம் மைல் தள்ளி செல்லுபடியாகும் ஒரு காகிதம், எதிர்வீட்டில் செல்லாது.

இந்த விசித்திரம் எப்படி வந்தது, அதைச் சரிபண்ண மாநிலங்கள் எப்படிக் கைகோத்தன, அப்புறம் அதிலிருந்து ஒரு மாநிலம் எப்படிக் கழன்றது என்பதுதான் இன்றைய கதை. கழன்றது என்று சொல்வதுகூடச் சரியான வார்த்தையான்னு தெரியல. நீங்களே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

முதல் கேள்வி: அமெரிக்காவில் லைசென்ஸ் ஏன் மாநிலத்தின் கையில் இருக்கு? அந்த நாட்டு அரசியலமைப்பு, மத்திய அரசுக்கென்று எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுடையது என்கிறது. மக்களின் உடல்நலம், பாதுகாப்பு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். 1889-இல் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. மேற்கு வர்ஜீனியாவில் ஃபிராங்க் டென்ட் என்று ஒரு வைத்தியர். பல வருஷமா வைத்தியம் பார்க்கிறார், கையில் ஒரு டிப்ளமாவும் இருக்கு. மாநில வாரியம் 'இந்தக் கல்லூரியை நாங்க ஏத்துக்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டது. அவர் விடாமல் வைத்தியம் பார்த்தார், அபராதம் விழுந்தது, மேல்முறையீடு செய்தார், தோற்றார். யார் வைத்தியர், யார் இல்லை என்று சொல்லும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் இன்று இருக்கும் டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் லைசென்ஸ் சட்டங்கள் எல்லாமே அந்தத் தீர்ப்பின் மேல் நிற்பவைதான்.

நர்ஸ்களுக்கு அது 1903-இல் வந்தது. முதல் மாநிலம் வட கரோலினா. மேரி லூயிஸ் வைச் என்ற நர்ஸ்தான் அந்தச் சட்டத்துக்காக முன்னால் நின்றவர். ஒரு விஷயத்தைக் கவனிங்க. அப்போ வட கரோலினாவில் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது. ஓட்டுப் போட முடியாத பெண்கள் சட்டமன்றத்துக்குப் போய், 'பயிற்சி எடுத்தவங்க யாரு, எடுக்காதவங்க யாருன்னு பிரிச்சுக் காட்ட ஒரு பதிவேடு வேணும்' என்று கேட்டு வாங்கி வந்தார்கள். கிடைத்தது அரைகுறைதான். பதிவு பண்ணாதவர்களும் நர்ஸ் வேலை பார்க்கலாம், பேருக்குப் பின்னால் ஆர்.என். என்று மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனாலும் கதவு திறந்தது. அதே வருஷம் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா என்று வரிசையாகச் சட்டம் வந்தது. இந்த வட கரோலினாவை ஞாபகம் வெச்சுக்கோங்க, 114 வருஷம் கழித்துத் திரும்ப வரும்.

இப்படி ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வாரியம், தனித்தனியாகத் தேர்வு என்று போய்க்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்தது. நர்ஸ்களுக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. ஆளாளுக்குக் கேள்வித்தாள் தயாரித்துத் திருத்திக்கொண்டிருந்தால் வேலைக்காகாது. 1944-இல் வாரியங்கள் சேர்ந்து பொதுக் கேள்வித்தாளைக் கொண்டுவந்தன. 1950 வாக்கில் எல்லா மாநிலமும் அந்த ஒரே தேர்வுக்கு வந்துவிட்டன. இன்றைக்கு அதன் வாரிசுக்குப் பேர் என்-கிளெக்ஸ். நம்ம ஊர் நர்சிங் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்தப் பேர் நல்லாவே தெரியும், சென்னையிலேயே உட்கார்ந்து எழுதலாம். ஆனால் விண்ணப்பிக்கும்போதே எந்த மாநிலத்தின் வாரியம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாகணும். அமெரிக்காவின் மண்ணை மிதிக்காத ஒருத்தர் அங்கே உள்ள மாநில எல்லையைச் சந்திக்கும் முதல் இடம் அதுதான்.

அதாவது, கேள்வித்தாள் ஒன்று. பாடத்திட்டம் கிட்டத்தட்ட ஒன்று. மனித உடம்பும் டெக்சாஸில் ஒரு மாதிரி, டென்னசியில் ஒரு மாதிரி கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி லைசென்ஸ், தனிக் கட்டணம், தனிப் புதுப்பிப்புத் தேதி. ஒரு நர்ஸ் இடம் மாறினால் பழைய வாரியத்திலிருந்து சான்று வாங்கி, புது வாரியத்தில் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருக்கணும். ராணுவத்தில் இருக்கும் கணவனோ மனைவியோ ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றப்படும் வீடுகளை நினைச்சுப் பாருங்க.

இதை உடைத்தது தொலைபேசி. 1990-களில் அமெரிக்க இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் மருத்துவமனைகளும் போன் வழி நர்ஸ் ஆலோசனையை ஆரம்பித்தன. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு எண்ணுக்கு போன் பண்ணினால் நர்ஸ் பேசுவார். அம்மா இருப்பது ஒரு மாநிலம், நர்ஸ் உட்கார்ந்திருக்கும் கால் சென்டர் வேறு மாநிலம். இதில் மருத்துவப் பணி நடப்பது எங்கே? பொதுவாகச் சட்டம் சொன்ன பதில்: நோயாளி இருக்கும் இடத்தில். அப்படின்னா போனை எடுப்பதற்கு முன்னால் அந்த நர்ஸ் எத்தனை லைசென்ஸ் வைத்திருக்கணும்?

மாநில நர்சிங் வாரியங்களின் கூட்டமைப்பு இதற்கு ஒரு வழி யோசித்தது. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. வீடு எந்த மாநிலத்திலோ அங்கே லைசென்ஸ் வாங்கு, மற்ற மாநிலங்களில் அதே லைசென்ஸில் ஓட்டு, ஆனால் போகிற ஊரின் சிக்னலை மதி. இதைத்தான் நர்ஸ் லைசென்சர் காம்பேக்ட் என்றார்கள். காம்பேக்ட் என்பது மாநிலங்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். மத்திய அரசு அதில் தலையிடுவதில்லை. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஒரே வாசகத்தைச் சட்டமாக நிறைவேற்றணும், அவ்ளோதான். 1998-இல் யூட்டா முதலில் நிறைவேற்றியது. 2000-இல் டெக்சாஸ், விஸ்கான்சின், மேரிலாண்ட் என்று சேர்ந்து ஓட ஆரம்பித்தது. 2015-க்குள் 25 மாநிலங்கள். பாதி நாடு.

பாதிக்கு மேல் நகரவில்லை. ஏன்?

ஒரு காரணம் அந்த முதல் ஒப்பந்தத்தின் உள்ளேயே இருந்தது. 'நீ கொடுத்த லைசென்ஸை நான் நம்புறேன்' என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் அந்த லைசென்ஸைக் கொடுக்கும் முன் நீ என்னென்ன பார்க்கணும் என்று பொதுவாக எதுவும் எழுதப்படவில்லை. ஒரு மாநிலம் கைரேகை எடுத்து, குற்றப் பின்னணி இருக்கா என்று எஃப்.பி.ஐ. வரை கேட்கும். இன்னொரு மாநிலம் 'உங்க மேல வழக்கு ஏதாவது உண்டா' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்வதோடு விட்டுவிடும். முதல் மாநிலத்தில் நிராகரிக்கப்படக்கூடிய ஒருத்தர், இரண்டாவது மாநிலத்தின் லைசென்ஸோடு முதல் மாநிலத்து வார்டுக்குள்ளேயே வந்து நிற்கலாம். கண்டிப்பான மாநிலங்களுக்கு இது நியாயமான பயம்.

ஆனா ஒண்ணு. தனித்தனிச் சுவர் இருந்தால் எல்லாம் சரியாயிடும் என்பதும் உண்மை இல்லை. சார்லஸ் கல்லன் என்ற பேரை உங்களில் சிலர் படம் பார்த்துத் தெரிஞ்சு வெச்சிருப்பீங்க. நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் 16 வருஷம் நர்ஸாக இருந்து நோயாளிகளைக் கொன்றவர், 2003 டிசம்பரில் கைதானார். அப்போது அந்த ரெண்டு மாநிலமும் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ரெண்டிலும் தனித்தனி லைசென்ஸ். ஒரு மருத்துவமனையில் சந்தேகம் வந்தால் அவர் அடுத்த மருத்துவமனைக்குப் போவார். முன்னாடி வேலை கொடுத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. சுவர் இருந்தது, சுவரின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குத் தகவல் போகவில்லை. என்னைக் கேட்டால், லைசென்ஸ் ஒன்றா ரெண்டா என்பதைவிட யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதுதான் நோயாளியைக் காப்பாற்றும்.

2015 மே மாதம் கூட்டமைப்பு புது வாசகத்தைக் கொண்டுவந்தது. பல மாநில லைசென்ஸ் வேண்டுமென்றால் 11 பொதுத் தகுதிகள். அதில் முக்கியமானது கைரேகையோடு மாநில, மத்திய அளவில் குற்றப் பின்னணிச் சோதனை. பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குக் கிடையாது. விதிகளை உருவாக்க எல்லா உறுப்பு மாநிலங்களின் பிரதிநிதிகள் அடங்கிய ஒரு ஆணையம். நல்ல திருத்தம்தான். ஆனால் காம்பேக்டில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாரும் ஒரே வாசகத்தை நிறைவேற்றியதால்தான் அது ஒப்பந்தம். ஒரு வரியை மாற்றணும்னாலும் எல்லாச் சட்டமன்றமும் மறுபடி நிறைவேற்றணும். அதனால பழைய வீட்டை ரிப்பேர் பண்ணாமல், பக்கத்திலேயே புது வீடு கட்டி, 'எல்லாரும் இங்க வந்துடுங்க' என்று கூப்பிட்டார்கள். 26 மாநிலங்கள் சட்டம் போட்டதும் புது வீடு தயார் என்று கணக்கு.

2017 ஜூலை 20 அன்று 26-வது கையெழுத்து விழுந்தது. போட்டவர் வட கரோலினாவின் கவர்னர் ராய் கூப்பர். ஆமா, அதே வட கரோலினா, 1903-இல் முதல் பதிவேட்டைத் திறந்த மாநிலம். இங்கே கவர்னர்னா நம்ம ராஜ்பவன் கவர்னர் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம்ம முதலமைச்சர் மாதிரி. குடிபோகும் தேதி 2018 ஜனவரி 19 என்று குறிக்கப்பட்டது.

இப்போ கணக்கைப் பாருங்க. அந்த 26-இல் பழைய வீட்டுக்காரர்கள் 21 பேர், ஃபுளோரிடா, ஜார்ஜியா மாதிரி புதிதாக வந்தவர்கள் 5 பேர். பழைய 25-இல் இன்னும் சாமான் கட்டாதவை நாலு: விஸ்கான்சின், கொலராடோ, நியூ மெக்சிகோ, ரோட் ஐலண்ட். தேதி தாண்டினால் இந்த மாநிலங்களின் நர்ஸ்கள் பக்கத்து மாநிலத்தில் வேலை பார்க்க முடியாது. அங்கிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் இங்கே பார்க்க முடியாது. விஸ்கான்சின் கெடுவுக்குள் சட்டத்தை முடித்துவிட்டது. கொலராடோ சட்டமன்றம் கூடியதே ஜனவரி 10. நியூ மெக்சிகோ இன்னும் மோசம், அந்த வருஷக் கூட்டத்தொடர் தொடங்கியது ஜனவரி 16. மூணே நாள். ஏற்கெனவே நர்ஸ் பற்றாக்குறை உள்ள மாநிலம் அது, எல்லை தாண்டி டெக்சாஸிலிருந்து வருகிறவர்களை நம்பியிருக்கும் ஊர்கள் உண்டு. வேற எந்த வேலைக்கும் முன்னாடி இந்த மசோதாவை எடுத்து, இரு அவையிலும் நிறைவேற்றி, கவர்னர் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். சட்டமன்றம் இவ்ளோ வேகமா ஓடி நீங்க எப்போவாவது பார்த்திருக்கீங்களா?

ரோட் ஐலண்ட் மட்டும் வரவில்லை.

அமெரிக்காவின் மிகச் சின்ன மாநிலம். 2008-இல் பழைய ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அது விலகுவதாக ஓட்டெடுப்பு நடத்தவில்லை. பழைய சட்டத்தை ரத்து செய்யவும் இல்லை. புதுச் சட்டத்தை நிறைவேற்றவில்லை, அவ்வளவுதான். மற்ற 24 பேரும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். பழைய வீட்டில் ரோட் ஐலண்ட் தனியாக நின்றது. தன்னோடு மட்டும் தானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம் மாதிரி. அங்கே வீடு வைத்திருந்த நர்ஸ்களின் பல மாநில லைசென்ஸ், 2018-இல் ஒரே மாநில லைசென்ஸாகச் சுருங்கியது. வெளிமாநில லைசென்ஸில் அங்கே வேலை பார்த்தவர்கள் ரோட் ஐலண்டில் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. போன் வழியாக வேலை பார்த்தவர்கள், சில மாதம் இங்கே சில மாதம் அங்கே என்று ஊர் ஊராகப் போகும் டிராவல் நர்ஸ்கள், எல்லாருக்கும் மறுபடி படிவம், கட்டணம், காத்திருப்பு.

ஒரு மாநிலம் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு வெளியேறிவிட்டது. ரயில் கிளம்பியதும் பிளாட்பாரத்தில் நின்றவர் 'நான் எங்கேயும் போகலையே' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அது உண்மையும்தான்.

வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்று புரியும். ரோட் ஐலண்டுக்கு நிலத்தில் ரெண்டே பக்கத்து மாநிலங்கள், மாசசூசெட்ஸும் கனெடிகட்டும். 2018-இல் ரெண்டும் ஒப்பந்தத்தில் கிடையாது. அதாவது, உறுப்பினராக இருந்த பத்து வருஷமும் ஒரு ரோட் ஐலண்ட் நர்ஸ் அந்த லைசென்ஸோடு டெக்சாஸ் போகலாம், அரிசோனா போகலாம், காரில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய மாசசூசெட்ஸ் ஊருக்குப் போக முடியாது. கான்சாஸ் சிட்டியின் கதையேதான். பத்து பேரிடம் டெலிபோன் இருந்தாலும் நாம் பேச வேண்டியவர் வீட்டில் இல்லையென்றால் நம்ம போன் வெறும் பெட்டி. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் மதிப்பு எத்தனை பேர் உள்ளே என்பதைவிட, யார் உள்ளே என்பதில்தான் இருக்கு.

சரி, நிஜமாகவே விலகணும்னா எப்படி விலகுவது? நர்ஸ் ஒப்பந்தத்தில் அதற்கு வழி எழுதியிருக்கு. சட்டத்தை ரத்து செய், ஆறு மாசம் கழித்து விலகல் செல்லுபடியாகும். எழுதியிருப்பதால் பிரச்சினை இல்லை. எழுதாமல் விட்ட ஒப்பந்தங்கள்தான் கோர்ட்டுக்குப் போகும்.

1951-இல் ஒரு வழக்கு. ஒஹாயோ நதியைச் சுத்தமாக்க எட்டு மாநிலங்கள் 1948-இல் ஒப்பந்தம் போட்டிருந்தன. மேற்கு வர்ஜீனியாவின் கணக்குத் தணிக்கை அதிகாரி எட்கர் சிம்ஸ், மாநிலத்தின் பங்குத் தொகைக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மாநில நீதிமன்றமும் 'ஒப்பந்தமே எங்க அரசியலமைப்புக்கு எதிரானது' என்று அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்ட ஒரு தரப்பே, அந்தக் கையெழுத்து செல்லுமா என்று தீர்ப்புச் சொல்லும் கடைசி நீதிபதியாக இருக்க முடியாது என்றது.

இன்னொன்று நம்ம கதைக்கு இன்னும் நெருக்கமானது. நியூயார்க் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் வேலை கொடுக்கும் முறை கொடுமையானது. காலையில் ஆட்கள் அரைவட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி விரலை நீட்டுகிறவருக்கு அன்றைக்குக் கூலி. அவருக்குக் கமிஷன் கொடுக்காதவர் பக்கம் விரல் திரும்பாது. பின்னால் ரவுடிக் கும்பல். இதை ஒழிக்க 1953-இல் நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் ஒப்பந்தம் போட்டு, நாடாளுமன்ற ஒப்புதலும் வாங்கி, ஒரு பொது ஆணையத்தை அமைத்தன. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி அந்த ஆணையத்தில் பதிவு பண்ணியிருக்கணும், முதலாளிகளுக்கு லைசென்ஸ். ரெண்டு மாநிலம் சேர்ந்து நடத்தும் லைசென்ஸ் ஆபீஸ், அவ்வளவுதான். காலம் மாறியது. கன்டெய்னர் வந்தது, கப்பல்கள் நியூ ஜெர்சி கரைக்கு மாறின, வேலையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்தப் பக்கம் போய்விட்டது. 'எங்க ஊர்ல நடக்கிற வேலைக்கு உங்க கூட்டு எதுக்கு' என்று நியூ ஜெர்சி கேட்டது. கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி பதவியை விட்டு இறங்கும் கடைசி நேரத்தில், 2018 ஜனவரியில், விலகல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நியூ மெக்சிகோ உள்ளே வர ஓடிக்கொண்டிருந்த அதே வாரம்!

நியூயார்க் வழக்குப் போட்டது. 1953 ஒப்பந்தத்தில் விலகுவது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விலகலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நியூ ஜெர்சி பக்கம் தீர்ப்பளித்தது. கால வரம்பில்லாமல் தொடர்ந்து நடக்கும் வேலைக்கான ஒப்பந்தத்தில் விலகல் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், ஒரு தரப்பு தானாக விலகலாம் என்பது சாரம். எல்லைக் கோடு, நதிநீர்ப் பங்கீடு போன்ற ஒப்பந்தங்கள் வேறு என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த வரியைப் படிக்கும்போது நம்ம ஊர் நதிகள் ஞாபகம் வராமல் இருக்காது. விடுங்க, அது வேற எபிசோடு.

இதுவரைக்கும் உள்ளே வந்தவர்கள், கழன்றவர்கள் பற்றிப் பேசினோம். வராதவர்களைப் பற்றி ரெண்டு வார்த்தை. நியூயார்க், கலிஃபோர்னியா, மினசோட்டா, மிச்சிகன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 'ஏன் இவ்ளோ பிடிவாதம்?' என்று சுலபமாகச் சிரிச்சுட்டுப் போயிடலாம். நான் சிரிக்க மாட்டேன். 2010 ஜூன் 10 அன்று மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் சுமார் 12,000 நர்ஸ்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நர்ஸ் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியப் பிரச்சினைகளில் ஒன்று. மருத்துவமனைகள் வெளியூரிலிருந்து மாற்று நர்ஸ்களைக் கூட்டி வந்தன. அங்கே நர்ஸ் சங்கம் இந்த ஒப்பந்தத்தை ஏன் எதிர்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. வெளியிலிருந்து வருகிறவருக்கு லைசென்ஸ் கிடைக்க ஒரு மாசம் ஆகும் என்றால், அந்த ஒரு மாசம்தான் வேலைநிறுத்தம் செய்கிறவரின் பலம். காகிதம் எளிதானால் அந்தப் பலம் போகும். நோயாளிக்கு நல்லது, நர்ஸுக்கு நல்லது என்று சொல்லும் ஒரு சீர்திருத்தம், நிர்வாகத்துக்கும் எவ்வளவு வசதி என்பதையும் பார்க்கணும்.

மிச்சிகனில் வேறு வாதம். 2020 டிசம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியும், கவர்னர் கிரெச்சன் விட்மர் வீட்டோ போட்டார். சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் மாநிலத்தின் அதிகாரத்தை வெளியே உள்ள ஓர் அமைப்பிடம் கொடுக்க முடியாது என்பது அவர் நிலை. 1889-இல் ஃபிராங்க் டென்ட் வழக்கில் பேசிய அதே உரிமை. தேதியைப் பார்த்தீங்களா? கொரோனா உச்சத்தில் இருந்த மாசம்.

கொரோனாவின்போது என்ன நடந்தது என்பதும் சுவாரசியம். 2020 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, வெளிமாநில லைசென்ஸ் இருந்தாலே போதும் என்று கவர்னரின் அவசர உத்தரவு வந்தது. ஒப்பந்தத்தில் சேராத மாநிலம், ஒரே உத்தரவில் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. சங்கங்களும் நிபுணர்களும் இருபது வருஷமாக விவாதித்த விஷயம் ஒரு ராத்திரியில் நடந்தது. அவசரம் முடிந்ததும் கதவு மூடியது என்பதும் உண்மை.

அதன்பிறகு பல மாநிலங்கள் உள்ளே வர ஆரம்பித்தன. ஆனால் சட்டம் போட்டால் உடனே உள்ளே வந்துவிட்டதாக நினைக்காதீங்க. பென்சில்வேனியா 2021 ஜூலையில் சட்டம் போட்டது. குற்றப் பின்னணிச் சோதனைக்கு எஃப்.பி.ஐ. தன் பதிவுகளைத் தரணும், அதற்கான அனுமதி கிடைக்கவில்லை. அதனால் 2023 செப்டம்பரில் பாதிக் கதவைத் திறந்தார்கள்: வெளிமாநில நர்ஸ்கள் உள்ளே வந்து வேலை பார்க்கலாம், பென்சில்வேனியா நர்ஸ்கள் அந்த உரிமையோடு வெளியே போக முடியாது. சொந்த ஊர்க்காரருக்கு மட்டும் நோ என்ட்ரி போட்ட ஒருவழிச் சாலை. அது ரெண்டு வழியாக மாற 2025 ஜூலை ஆனது. முதல் ஒப்பந்தத்தின் ஓட்டையை அடைக்கப் போட்ட அதே விதிதான் இங்கே நாலு வருஷத் தாமதம். பாதுகாப்புக்கு விலை உண்டு, அதைக் கொடுத்தது அந்த ஊர் நர்ஸ்கள்.

நம்ம ரோட் ஐலண்டுக்கு என்ன ஆச்சு? 2023-இல் புதுச் சட்டத்தை நிறைவேற்றி, 2024 ஜனவரி 1 அன்று திரும்ப உள்ளே வந்தது. ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான வனவாசம். இந்த முறை பக்கத்து வீடுகளும் அசைந்தன. கனெடிகட் 2024-இல் சட்டம் போட்டு 2025 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாசசூசெட்ஸில் கவர்னர் மௌரா ஹீலி கையெழுத்துப் போட்டது 2024 நவம்பர் 20 அன்று. ஆனால் சட்டம் வேறு, அமல் வேறு என்று பென்சில்வேனியா கதையில் பார்த்தோமே. மறுநாள் காலையில் எல்லை தாண்டி மாசசூசெட்ஸ் மருத்துவமனைக்கு டியூட்டிக்குப் போன ரோட் ஐலண்ட் நர்ஸ், முந்தின நாள் மாதிரியே ரெண்டு லைசென்ஸோடுதான் போனார்.

அடுத்த வாரம் வேற ஒரு கதையோட பார்ப்போம்.